புயல் நாளில் இல்லம்

வங்கக் கடலையும் அரபிக் கடலையும் அடுத்துள்ள நகரங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரமும், மும்பையின் மாதுங்காவும் தாராவியும் தமிழ் வழங்கும் இடங்கள் என்பதை யாவரும் அறிவர். விசாகப்பட்டினத்திலும் புவனேசுவரத்திலும் உத்தியோக நிமித்தம் வந்து தங்கிய நம்மவர் பலர். இவ்வூர்கள் யாவும் புயலை அறிந்தவை. கடல் கொந்தளிக்கும் பருவத்தில், வேற்று மொழி பேசும் ஊரில், மனைவி மக்களோடும் முதிய பெற்றோரோடும் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவர், புயல் வருகிறது என்று கேட்டவுடன் செய்ய வேண்டியது என்ன? இதுவே நாம் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புயல் அறிவிப்பில் வரும் ஒவ்வொரு சொல்லும் அளந்து இடப்பட்ட சொல். அச்சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள் உண்டு. வீட்டில் ஒரு வேலை உண்டு. பொருளை மட்டும் தெரிந்துகொண்டு வேலையைச் செய்யாமல் இருப்பதில் பயனில்லை. சொல்லைக் கேட்டவுடன் அதனை வீட்டுக் காரியமாக மாற்றிக்கொள்ளும் குடும்பமே புயலைப் பெரும்பாலும் தீங்கின்றித் தாண்டுகிறது.

புயல் என்பது யாது? வெப்ப மண்டலத்துக் கடல்நீர் ஏறத்தாழ 27 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டோடு இருக்கும்போது, அதன் மேலுள்ள காற்று ஈரத்தை ஏந்திக்கொண்டு மேலே எழுகிறது. மேலே சென்ற ஈரம் மழைத்துளியாகக் குளிர்கையில், தன்னுள் அடங்கியிருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. அவ்வெப்பம் காற்றை மேலும் எழச் செய்கிறது. கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்ப நாற்புறத்திலிருந்தும் காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அக்காற்று நேரே வந்து சேராமல் வளைந்து சுற்றத் தொடங்குகிறது. நம் நாட்டுக் கடல்களில் அச்சுழற்சி கடிகார முள் செல்லும் திசைக்கு எதிரானது. கடலின் சூடே அதற்கு உணவு. ஆகையால் நிலத்தில் ஏறியதும் உணவிழந்து மெலிகிறது.

சுருண்டு கிடக்கும் பாம்பைப் போன்றது இக்காற்றின் வடிவம் என்று கண்டு, அதற்குரிய கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு 'சைக்ளோன்' என்ற பெயரை 1848ஆம் ஆண்டில் வழங்கியவர் ஹென்றி பிடிங்டன் என்பவர். அவர் அதனைச் செய்தது கல்கத்தாவில். ஆக, உலகெங்கும் வழங்கும் அப்பெயர் வங்கக் கடலின் கரையில் பிறந்ததே. 1864ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அதே நகரைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. அந்தத் துயரமும் அதனை அடுத்து வந்த பஞ்சங்களுமே 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றுவதற்குக் காரணமாயின. எச்சரிக்கைக்கு ஆள் இல்லாத காலம் அதனோடு முடிந்தது. அவ்வெச்சரிக்கையைச் சரியாகக் கேட்கும் பொறுப்பு நம்முடையதாயிற்று.

இனி அறிவிப்பின் சொற்களைப் பார்ப்போம். காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50ஐத் தாண்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 கிலோமீட்டரில்தான் அது புயல் என்னும் பெயரையும், தனக்கென ஒரு சிறப்புப் பெயரையும் பெறுகிறது. 89இல் தீவிரப் புயல். 118இல் மிகத் தீவிரப் புயல். 167இல் அதிதீவிரப் புயல். 222ஐத் தொட்டால் 'சூப்பர் புயல்' எனப்படும் பெரும்புயல். இவ்வெண்களைக் கேட்கையில் ஓர் உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது சுவர்மீது தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் அழுத்தம் ஒன்பது மடங்காகிறது. 60 கிலோமீட்டர் காற்றில் கதவு படபடக்கும். 180 கிலோமீட்டர் காற்றில் அக்கதவு ஒன்பது மடங்கு பாரத்தைத் தாங்கவேண்டும். "போன வருஷத்துப் புயலை நாங்கள் பார்க்கவில்லையா?" என்று பேசுவோர் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பது நலம்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு தேவையும் உண்டு. மின்சாரம் நின்று, கைப்பேசிக் கோபுரங்களும் சாய்ந்த பிறகு எஞ்சுவது மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்றே. அதில் வருவது அந்நிலத்தின் மொழி. ஆதலின் அம்மொழியில் வழங்கும் சில சொற்களையேனும் நாம் முன்கூட்டி அறிந்திருத்தல் வேண்டும். ஆந்திரத்தில் தாழ்வுப் பகுதியை 'அல்பபீடனம்' என்றும், தாழ்வு மண்டலத்தை 'வாயுகுண்டம்' என்றும், புயலைத் 'துபானு' என்றும் சொல்வர். ஒடிசாவில் புயலுக்குப் 'பாத்யா' என்று பெயர். வங்காளத்தில் 'கூர்ணிஜட்'. குசராத்தில் 'வாவாஜோடு'. மராட்டியத்தில் 'சக்ரீவாதள்'. இந்தியில் 'சக்ரவாத்'. கேரளத்துச் 'சுழலிக்காற்று' நமக்கு விளக்கம் வேண்டாதது.

சில சொற்கள் அறிந்தவை போலத் தோன்றியே நம்மை ஏமாற்றும். இந்தியில் 'தூஃபான்' என்பது பெருங்காற்று எதற்கும் பொதுவான பெயர். தில்லியிலிருந்து மாற்றலாகி விசாகப்பட்டினத்திற்கு வந்தவர் ஆந்திரத்துத் 'துபானு' என்ற சொல்லைக் கேட்டு, மாலையில் அடித்து ஓயும் காற்று என்று எண்ணிவிடக்கூடும். அங்கோ அது கடலிலிருந்து வரும் புயலையே குறிக்கும். 'இஷாரா' என்ற சொல் இன்னும் வேடிக்கையானது. இந்தியில் அதற்குச் சைகை, குறிப்பு என்று பொருள். மராட்டியில் அதுவே எச்சரிக்கை. மும்பையில் வாழும் நம்மவர் 'இஷாரா' என்று செய்தியில் கேட்டால், ஏதோ சாடையாகச் சொல்கிறார்கள் என்று இருந்துவிடலாகாது. அரசாங்கம் வாய் திறந்து எச்சரிக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

வானிலைத் துறை தன் எச்சரிக்கையை நான்கு படிகளில் விடுக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு காலம் உண்டு. அதனை ஒட்டி வீட்டு வேலைகளையும் நான்காக வகுத்துக்கொள்ளலாம்.

ஏறத்தாழ 72 மணி நேரத்திற்கு முன் வருவது முன்னறிவிப்பு. அன்று செய்ய வேண்டியது கணக்கெடுப்பு. வீட்டில் யாருக்கு என்ன மருந்து வேண்டும், அது எத்தனை நாளைக்கு இருக்கிறது, சமையல் எரிவாயு எவ்வளவு மீதம், கைவிளக்குக்கு மின்கலம் உண்டா என்று பார்த்து, பத்து நாளைக்குப் போதுமானவற்றை வாங்கி வைக்க வேண்டும். கடைகளில் கூட்டம் சேராத நாள் அதுவே. வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருந்தால், மருத்துவமனைக்கு அண்மையில் உள்ள உறவினர் வீட்டுக்கோ நண்பர் வீட்டுக்கோ அவரை அன்றே அனுப்பிவிடுவது உத்தமம்.

48 மணி நேரத்திற்கு முன் மஞ்சள் நிறத்தோடு வருவது விழிப்பு அறிவிப்பு. அன்றைய வேலை வீட்டின் வெளிப்புறத்தைச் சார்ந்தது. மொட்டை மாடியில் கிடக்கும் தகரம், பலகை, பூந்தொட்டி, துணிக்கொடிக் கம்பி ஆகிய யாவும் காற்று ஏறிய பின் எறிபடைகளாகிவிடும். அவற்றை உள்ளே எடுத்துவிட வேண்டும். தளர்ந்த சன்னல் கொக்கிகளை முடுக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லி, கூரைமேல் சாய்ந்த கிளைகளை வெட்டச் செய்ய வேண்டும். வாடகை வீடுதானே என்று இருப்பவர்கள், வீடு பிறருடையதாயினும் அதனுள் உறங்கும் உயிர்கள் நம்முடையவை என்பதை எண்ணிக்கொள்வார்களாக.

24 மணி நேரத்திற்கு முன், கிச்சிலி நிறத்தோடு வருவதே புயல் எச்சரிக்கை. அன்று தண்ணீர்தான் முதல் வேலை. மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் குழாய் வறளும். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிநீர் என்று வைத்தாலும், ஐவர் உள்ள குடும்பத்திற்கு ஒரு வாரத்திற்கு 105 லிட்டர் வேண்டும். குடம், அண்டா, தவலை, வாளி என்று வீட்டில் உள்ள பாத்திரம் எல்லாவற்றையும் நிரப்பி மூடி வைக்க வேண்டும். அடுப்பு மூட்டாமலே உண்ணத்தக்க அவல், பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு ஆகியவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சான்றிதழ், ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் முதலியவற்றை நீர் புகாத உறையில் இட்டு ஒரே பையில் வைக்க வேண்டும். கையில் சிறிது ரொக்கமும் இருத்தல் வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் வங்கிப் பொறிகள் பணம் தருவதில்லை. கைப்பேசிவழிப் பணமும் கடைக்காரர் கைக்குப் போய்ச் சேர்வதில்லை.

நான்காம் படி, கரையைக் கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரத்திற்கு முன், சிவப்பு நிறத்தோடு வருவது. நிலத்தில் ஏறிய பின் புயல் எவ்வழியே செல்லும் என்பதையும் அது சொல்லும். இதற்குள் வெளி வேலைகள் யாவும் முடிந்திருக்க வேண்டும். மின்சாரத்தின் முதன்மைச் சாவியை அணைப்பதும், எரிவாயு உருளையை மூடுவதும், குடும்பத்தார் எல்லாரும் ஓரறையில் சேர்வதுமே எஞ்சியவை.

ஆனால் வீட்டிலேயே இருக்கலாமா, வெளியேற வேண்டுமா என்னும் கேள்விக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்பே விடை கண்டாக வேண்டும். பெரும்புயல்களில் மிகுதியான உயிர்களைக் கொண்டது காற்றன்று, நீரே. குறைந்த அழுத்தத்தாலும் காற்றின் உந்துதலாலும் கடல் தன் மட்டத்திலிருந்து எழுந்து சுவர்போல் உள்ளே வருகிறது. 1977ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் ஆந்திரத்துத் திவிசீமையில் இப்படி எழுந்த கடல், பல கிராமங்களை ஒரே இரவில் இல்லையாக்கிற்று. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவில் பாராதீப்புக்கு அருகே கரையேறிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். காற்றின் வேகம் அன்று மணிக்கு 260 கிலோமீட்டர் என மதிப்பிட்டனர்.

அத்துயரத்திற்குப் பின் ஒடிசா அரசு பேரிடர் மேலாண்மைக்கென ஓர் அமைப்பை நிறுவியது. கரையோரத்தில் புயல் காப்பகங்கள் எழுந்தன. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் கோபால்பூரில் பைலின் புயல் கரையேறுமுன் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 2019ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் பூரியைத் தாக்கிய ஃபானி புயலுக்கு முன் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் அகற்றப்பட்டனர். அவ்விரு புயல்களிலும் இறந்தோர் தொகை பத்துக்களில் நின்றது. 1999இல் ஆயிரக்கணக்கில் எண்ணிய அதே மாநிலம் அது. காற்றின் கடுமை குறைந்திருந்தது என்பது ஓரளவு உண்மையே. எனினும் பெருங்காரணம், மக்கள் உரிய நேரத்தில் இடம் பெயர்ந்தமையே ஆகும். ஆகவே தாழ்ந்த கரையிலோ, கழிமுகத்தை அடுத்தோ, ஓட்டு வீட்டிலோ தகரக் கூரை வீட்டிலோ இருப்பவர்கள், வெளியேறுக என்று அதிகாரிகள் சொன்னால் மறுபேச்சின்றி வெளியேற வேண்டும். நாம் வெளியூரார், காப்பகத்தில் நமக்கு இடம் உண்டோ என்று தயங்க வேண்டியதில்லை. காப்பகம் உயிருக்கு இடம் தருவது. ஊரையும் மொழியையும் கேட்பதன்று.

மேட்டு நிலத்தில், உறுதியான கான்கிரீட் வீட்டில் இருப்பவர்கள் வீட்டிலேயே தங்கலாம். அப்போது எவ்வறையில் தங்குவது? இதற்கு விடை, காற்றின் போக்கை அறிந்தவருக்கே விளங்கும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறியபோது நான் என் குடும்பத்தோடு அந்நகரில் இருந்தேன். காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர். நாங்கள் இருந்தது ஓர் அடுக்கு வீட்டின் இரண்டாம் மாடி. என் மனைவியும், இரு சிறுவரும், என் மாமியாரும் உடன் இருந்தனர். காலை முதல் வடகிழக்கிலிருந்து வீசிய காற்று வாசற்பக்கத்துச் சன்னல்களை மோதிற்று. ஒரு சன்னல் சட்டத்தோடு பெயர்ந்து கூடத்தில் வந்து விழுந்தது. மழைநீர் கதவின் இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் பீறிட்டது. வெளியே மரங்கள் முறியும் ஓசைகூடக் கேட்கவில்லை. காற்றின் ஓலமே எல்லா ஓசைகளையும் விழுங்கிவிட்டது. கொல்லைப்பக்கத்து அறை அமைதியாக இருந்தமையால் எல்லாரும் அங்கே போய் அமர்ந்தோம்.

நண்பகலுக்குப் பின், சொல்லி வைத்தாற்போல் காற்று நின்றது. சற்று வெளிச்சமும் வந்தது. அக்கம்பக்கத்தார் படியிறங்கித் தெருவுக்கு வந்தனர். சிலர் சாய்ந்த மரங்களைப் படம் எடுத்தனர். பிள்ளைகள் தாமும் கீழே போகவேண்டும் என்று துடித்தனர். அப்போது எங்கள் கீழ்வீட்டில் இருந்த தெலுங்கு முதியவர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாடிப்படியில் நின்று உரத்த குரலில், "இங்கா அயிபோலேது! லோப்பலிக்கி வெள்ளண்டி!" என்று கூவினார். இன்னும் முடியவில்லை, உள்ளே போங்கள் என்பது அதன் பொருள். அவர் வேறொன்றும் செய்தார். எங்களை வாசற்பக்கமும் வேண்டாம், கொல்லைப்பக்கமும் வேண்டாம், நடுவில் உள்ள சாமான் அறைக்குப் போகும்படி சொன்னார். நான் காரணம் கேட்டேன். காற்று இனி மறுபுறத்திலிருந்து வரும் என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. சற்று நேரத்தில் தென்மேற்கிலிருந்து காற்று மீண்டும் எழுந்தது. அதுகாறும் எங்களைக் காத்த கொல்லைப்பக்கத்து அறையின் சன்னல் கண்ணாடிகள் நொறுங்கி, நாங்கள் அமர்ந்திருந்த பாயின் மேல் சிதறின. அறையில் அப்போது ஒருவரும் இல்லை.

இதன் காரணம் எளியது. புயல் சுழலும் வளையம் போன்றது. அதன் நடுவே 'கண்' என்று சொல்லப்படும் அமைதியான பகுதி உண்டு. கண் பல கிலோமீட்டர் அகலமானது. அது நம் தலைக்கு மேலே செல்லும்போது காற்று ஓய்கிறது. முன்பாதி வளையத்தில் ஒரு திசையிலிருந்து வந்த காற்று, பின்பாதி வளையத்தில் நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. முன்பாதியில் ஒரு பக்கமாக அசைந்து தளர்ந்த மரமும் சுவரும் பின்பாதியில் மறுபக்கமாக இழுபட்டு வீழ்கின்றன. ஆதலின் தங்கும் அறை, எத்திசையிலும் வெளிச்சுவரும் சன்னலும் இல்லாத நடு அறையாக இருத்தல் வேண்டும். நகர்ப்புறத்து அடுக்கு வீடுகளில் அது பெரும்பாலும் சாமான் அறையாகவோ, குளியலறையாகவோ, உள்நடையாகவோ இருக்கும். கீழ்மாடிகள் மேல்மாடிகளினும் நல்லவை. நீர் ஏறும் இடமானால் மட்டும் இது பொருந்தாது. மின்தூக்கியில் ஏறவே கூடாது.

இங்கே இரண்டு தவறான நம்பிக்கைகளையும் நீக்கிவிடுவது நல்லது. சன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக நாடா ஒட்டினால் அது உடையாது என்பர். அந்நாடா கண்ணாடிக்கு வலிமை தருவதில்லை. ஒரு சன்னலைத் திறந்து வைத்தால் உள்ளும் புறமும் அழுத்தம் சமன்படும் என்பர். உண்மையில் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தூக்குகிறது. எல்லாக் கதவுகளும் எல்லாச் சன்னல்களும் இறுக மூடியிருப்பதே முறை.

அறையில் அடைந்திருக்கும் நேரத்தில் குழந்தைகளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நாமே நடுங்கினால் அவர்கள் நம் சொல்லை நம்பமாட்டார்கள். "காற்று பெரிதாக வரும், பிறகு நிற்கும், மறுபடியும் வரும், அதன் பின்தான் போகும்" என்று வரிசையாகச் சொல்லி வைத்தால், வரும் ஒவ்வொன்றும் அவர்களுக்கு எதிர்பார்த்ததாகிவிடும். கைவிளக்கைப் பிடிக்கும் பொறுப்பை ஒரு பிள்ளைக்கும், வானொலியைக் கேட்டுச் சொல்லும் பொறுப்பை மற்றொரு பிள்ளைக்கும் தரலாம். வேலை உள்ள பிள்ளைக்கு அச்சம் குறையும். முதியோரின் மூக்குக்கண்ணாடி, செவிக்கருவி, கைத்தடி, அன்றைய மருந்து ஆகியவை அவர்கள் கையருகில் இருக்கட்டும். இன்சுலின் ஏற்றிக்கொள்வோர் உள்ள வீட்டில், குளிர்பெட்டி நின்றபின் மருந்தை நீர் படாத உறையில் இட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துக் குளிர்ச்சியாகக் காக்கலாம்.

இனி, நம்மவர் பலரும் பொருள் பிறழக் கொள்ளும் ஒரு தொடரைப் பார்ப்போம். அது 'புயல் கரையைக் கடந்தது' என்பது. நம் வழக்கில் 'கடந்தது' என்றால் முடிந்தது, தொலைந்தது என்று பொருள் படும். வானிலையாரின் மொழியிலோ, கண்ணின் நடுப்புள்ளி கடலை விட்டு நிலத்தில் ஏறியது என்பதே அதன் பொருள். அதாவது பாதி வந்துவிட்டது, பாதி இனிமேல் வரும். தெலுங்கில் இதனைத் 'தீரம் தாட்டுதல்' என்பர். நம் 'தாண்டுதல்' என்னும் சொல்லுக்கு உறவானதே அது. எம்மொழியில் கேட்டாலும், கடந்தது என்ற சொல் காதில் விழுந்ததும் கதவைத் திறந்துவிடலாகாது. வெளியே வரலாம் என்று தனியாக அறிவிப்பு வரும் வரையில் உள்ளேயே இருக்க வேண்டும். கடந்த பின்னும் புயலின் ஆற்றல் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு ஹுத்ஹுத் புயலே சான்று. விசாகப்பட்டினத்தில் கரையேறிய இரண்டு நாளுக்குப் பின் அதன் எச்சம் நேபாளத்தில் அன்னபூர்ணா மலைப்பகுதியில் கடும் பனிப்புயலாகி, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்டது.

காற்று நின்ற பின் உள்ள நாள்களும் புயலின் பகுதியே. அறுந்து நீரில் கிடக்கும் மின்கம்பியில் மின்சாரம் உண்டு என்றே கொள்ள வேண்டும். இடிபாடுகளிலும் பரணிலும் பாம்பு புகுந்திருக்கும். குழாய்நீரில் சாக்கடை கலந்திருக்கும், காய்ச்சாமல் குடிக்கலாகாது. மின்னாக்கிப் பொறியை வீட்டினுள்ளோ மாடத்திலோ வைத்து இயக்கினால், மணமும் நிறமும் அற்ற நச்சுப்புகை உறங்குவோரைக் கொன்றுவிடும். 2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் மேற்கு வங்கத்தில் கரையேறியபோது கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரமும் நீரும் இல்லை. பெருந்தொற்றுக்காக ஊர் அடங்கியிருந்த காலம் அது. அந்நாள்களில் பயன்பட்டது, புயலுக்கு முந்தைய நாள் நிரப்பி வைத்த அண்டாவே.

அரபிக் கடலோரத்தார் தமக்கு இவ்வச்சம் இல்லை என்று இருத்தலும் இனி இயலாது. 2020ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் நிசர்கா புயல் மும்பைக்குத் தெற்கே அலிபாக் அருகில் கரையேறியது. 2021ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் டவ்தே புயல் மும்பையை ஒட்டிச் சென்று குசராத்தைத் தாக்கியது. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் உள்ள மாதங்கள் இரு கடலோரத்தாரும் விழித்திருக்க வேண்டிய மாதங்கள்.

இறுதியாக, ஊரிலே இருக்கும் நம் சுற்றத்தாரைப் பற்றி ஒரு சொல். புயல் செய்தியைக் கேட்டுத் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் உள்ள பெற்றோரும் உடன்பிறந்தோரும் விடாமல் தொலைபேசியில் அழைப்பார்கள். கோபுரங்கள் சாய்ந்து தொடர்பு அற்றதும் அவர்கள் அடையும் கலக்கம் புயலினும் கொடிது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. எச்சரிக்கை வந்த அன்றே உறவினரில் ஒருவரைத் தேர்ந்து, நாங்கள் இன்ன இடத்தில் தங்குகிறோம், மூன்று நான்கு நாள் பேச்சு வராது, அதனால் தீங்கு என்று எண்ண வேண்டாம், தொடர்பு கிடைத்தவுடன் உமக்கு மட்டும் செய்தி வரும், மற்றவர்க்கு நீர் சொல்லும் என்று தெரிவித்துவிட வேண்டும். அழைப்பு போகாத நேரத்திலும் சில வேளை எழுத்துச் செய்தி போய்ச் சேரும். அவசர உதவிக்கு 112 என்ற எண் நாடு முழுவதற்கும் பொது.

அதனினும் அருகில் உள்ள உதவி, அடுத்த வீட்டார். அந்நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்க்குக் காற்றின் குணம் தெரியும். எந்தத் தெருவில் நீர் ஏறும், எந்தப் பள்ளியில் காப்பகம் அமையும் என்பதும் தெரியும். நல்ல காலத்தில் அவரோடு நாம் பேசிப் பழகியிருந்தால்தான், ஆபத்தில் அவர் கூவும் சொல் நமக்குப் புரியும். நம் குழந்தைகள் அம்மொழியைப் பள்ளியில் கற்கிறார்கள். பெரியவர்களும் புயலுக்குரிய பத்துச் சொற்களையேனும் அவர்களிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். அச்சொற்களையும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அவ்வேளையில் வீட்டில் செய்ய வேண்டிய காரியத்தையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைப்போமாக. அடுத்த பருவம் தொடங்குமுன் அதனைச் செய்து முடிக்க ஒரு மாலைப் பொழுது போதும்.